கண்புரை பற்றிய கேள்விகளும் அவற்றின் சமூக வரலாறும்: ஜிந்துப்பிட்டியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

நோயாளர் எழுப்பும் கேள்விகளை அறியாமையின் வெளிப்பாடெனக் கொள்வது கற்றோரிடையே ஊறிப்போன வழக்கமாகும். புரை நன்கு முற்றிய பின்னர்தானே வெட்ட வேண்டும்? கண்ணை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப வைப்பார்களா? அதன்பின் தடித்த கண்ணாடி அணிய வேண்டுமா? எடுத்த புரை மீண்டும் வளருமா? வில்லைக்கு எவ்வளவு செலவாகும்? ஜிந்துப்பிட்டியிலும் அதனையடுத்த கொட்டாஞ்சேனையிலும் முதியோர் இன்றும் கேட்கும் கேள்விகள் இவை. இவற்றுட் பல, முன்னொரு காலகட்டத்தில் மருத்துவமே சரியெனக் கூறியவற்றின் எச்சங்கள் என்பதும், எஞ்சியவை இன்றைய சமூக உறவுகளின் நேரடி விளைவுகள் என்பதுமே இக்கட்டுரையில் நாம் நிறுவ முயலும் கருத்துகளாகும்.

கொழும்புத் துறைமுகத்தையும் செட்டியார் தெருவின் நகைப் பட்டறைகளையும் அண்டி வளர்ந்த உழைப்பாளர் குடியிருப்பு ஜிந்துப்பிட்டி. சுமை தூக்குவோர், பொற்கொல்லர், நடைபாதை வணிகர், வீட்டுவேலை செய்யும் பெண்கள் எனப் பலரும் நெருங்கி வாழும் பகுதி இது. இங்கு கண் என்பது பார்வைக்குரிய உறுப்பு மாத்திரமன்று. அது உழைப்பின் கருவியுமாகும். கண்ணினுள் இருக்கும் இயற்கை வில்லையின் புரதங்கள் முதுமையில் திரிந்து ஒளிபுகா நிலை எய்துவதே கண்புரை. நீரிழிவு, புகைப்பழக்கம், கடும் வெயில், நீடித்த ஸ்டீராய்டு மருந்துப் பயன்பாடு ஆகியன அதனை விரைவுபடுத்தும். முதுமை எல்லா வர்க்கத்தாருக்கும் வருவது. எனவே புரையும் எல்லோருக்கும் வரும். ஆயின் புரையினாற் குருடாவது எல்லோருக்கும் நேர்வதன்று. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே மேற்கூறிய கேள்விகளை நாம் நோக்குதல் வேண்டும்.

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். சுசுருத சங்கிதை விவரிக்கும் பண்டைய முறை, கூரிய சலாகையைக் கண்ணினுட் செலுத்திப் புரையுற்ற வில்லையைப் பார்வைப் பாதையினின்றும் தள்ளிவிடுவதாகும். ஊர்கள்தோறும் அலைந்த வைத்தியர்கள் இந்தியாவில் 20ஆம் நூற்றாண்டு வரை இதனைச் செய்துவந்தனர். சென்னை அரசினர் கண் மருத்துவமனையின் தலைவராயிருந்த ரொபர்ட் ஹென்றி எலியட் இம்முறையின் கேடுகளை ஆராய்ந்து 1918இல் தனிநூலே வெளியிட்டார். தள்ளப்பட்ட வில்லை கண்ணினுள்ளேயே கிடந்து, அழற்சியையும் கண்ணழுத்த உயர்வையும் விளைத்துப் பலரை நிரந்தரக் குருடராக்கியது. எனினும் மக்கள் அவ்வைத்தியரை நாடியதை மூடத்தனமென்று ஒதுக்குதல் பொருந்தாது. மருத்துவமனை தொலைவில் இருந்தது. வைத்தியனோ வாசலுக்கு வந்தான்.

பிரான்சில் ஜாக் டேவியல் 1747இல் வில்லையை வெளியே எடுக்கும் முறையைத் தொடக்கினார். ஆயினும் அடுத்த இரு நூற்றாண்டுகளாக, எடுத்த வில்லைக்கு ஈடாகக் கண்ணினுள் வைக்க எதுவும் இருக்கவில்லை. சத்திரசிகிச்சை பெற்றவர் மிகத் தடித்த கண்ணாடி வழியாகவே உலகைக் காண வேண்டியிருந்தது. சற்றேனும் பார்வையுள்ள கண்ணை வெட்டி அந்நிலைக்கு உள்ளாக்குவது இலாபமன்று. ஆகவே புரை முற்றும்வரை பொறுத்திருக்குமாறு கூறியவர்கள் மருத்துவர்களே. இன்றைய பாட்டி கேட்பது அவர்தம் பாட்டிக்கு மருத்துவர் சொன்ன அறிவுரையைத்தான்.

நிலைமையை மாற்றியவர் ஹரல்ட் ரிட்லி. இரண்டாம் உலகப் போரில், உடைந்த விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் விமானிகளின் கண்ணுட் புகுந்தும் பெருங் கேடு செய்யாதிருந்ததை அவர் கவனித்தார். 1949 நவம்பர் 29இல் லண்டன் சென் தோமஸ் மருத்துவமனையில் முதலாவது செயற்கை வில்லையை ஒரு பெண்ணின் கண்ணிற் பொருத்தினார். எடுத்த வில்லைக்குப் பதிலாக வேறொன்று வைப்பதில்லையா என்று மருத்துவ மாணவரொருவர் கேட்ட கேள்வியே அவரைத் தூண்டியதெனக் கூறுவர். நோயாளரின் கேள்விகளை ஏளனஞ் செய்வோர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. 1967இல் சார்ல்ஸ் கெல்மன், மீயொலி அதிர்வினால் வில்லையைக் கூழாக்கிச் சிறு துளையினூடே உறிஞ்சும் முறையை அறிமுகஞ் செய்தார். இன்று முற்றிய புரையே கடினமானது. மிக முற்றினால் வில்லை வீங்கியும் கசிந்தும் கண்ணழுத்தத்தை உயர்த்துவதுமுண்டு. நாளாந்த வேலைக்குப் பார்வை இடையூறாகும்போது சத்திரசிகிச்சை பெறுவதே இன்றைய விதி. தடித்த கண்ணாடி பெரும்பாலும் மறைந்துவிட்டது. வாசிப்பதற்குச் சாதாரண கண்ணாடி தேவைப்படலாம்.

எடுத்த புரை மீண்டும் வளர்வதில்லை. ஆனால் செயற்கை வில்லையைத் தாங்கும் பின்னுறை சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ மங்குவதுண்டு. லேசர் கதிரால் சில நிமிடங்களில் அதிற் சிறு வழி திறக்கப்படும். எனவே திரும்ப வந்துவிட்டது என்னும் மக்கள் கூற்று அனுபவத்தின் பாற்பட்டதே, பெயர்தான் பிழை.

கண்ணை வெளியே எடுத்துக் கழுவுதல் எந்தக் காலத்திலும் புரைச் சிகிச்சையாக இருந்ததில்லை. இவ்வச்சத்திற்கு இலங்கையிற் கண்தான இயக்கம் பெற்ற செல்வாக்கும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு. ஹட்சன் சில்வா 1958இல் விடுத்த வேண்டுகோளிலிருந்து வளர்ந்து, 1961இல் சங்கமாக உருப்பெற்ற அவ்வியக்கம் உலகப் புகழ் எய்தியது. ஆயின் தானமாகப் பெறும் கண்ணிலிருந்து மாற்றிப் பொருத்தப்படுவது முன்புறத்து விழிவெண்படலமே. புரைக்கோ அதனுடன் தொடர்பில்லை.

எஞ்சும் கேள்வி விலை பற்றியது. அது பழமையின் எச்சமன்று. இன்றைய பொருளாதாரத்தின் குரல். 1951இல் இலங்கை அரச மருத்துவமனைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. ஜிந்துப்பிட்டித் தொழிலாளி விக்டோரியா ஞாபகார்த்தக் கண் மருத்துவமனைக்கு உரிமையுடன் செல்ல அது வழிவகுத்தது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரத்தில் தனியார் மருத்துவம் பெருகியபோது, வில்லை விலைப்பட்டியலுக்குரிய பண்டமாயிற்று. இவ்விலை இயற்கை நியதியன்று என்பதை மதுரை காட்டியது. 1976இல் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992இல் சொந்த வில்லைத் தொழிற்கூடத்தை நிறுவி, இறக்குமதி விலையின் சிறு பகுதிக்கே வில்லையை அளித்தது. இது சமூக உடைமையாகாவிடினும், உற்பத்தியைக் கைக்கொண்டால் விலை வீழும் என்னும் உண்மையை மெய்ப்பித்தது. இதற்கு மறுதலையான அனுபவத்தை நாம் 2023இற் கண்டோம். 2022இன் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்த காலத்தில் இறக்குமதியான கண் சொட்டு மருந்தினால், கொழும்பிலும் நுவரெலியாவிலும் புரைச் சிகிச்சை பெற்றோர் பாதிப்புற்றனர். பாதுகாப்பானதா என்று கேட்கும் ஏழை நோயாளரின் ஐயத்தை அதன்பின் எவரும் வெறும் பயமெனத் தள்ளிவிட முடியாது.

மேற்கூறியவை அனைத்தையும் இணைப்பது மொழிப் பிரச்சினையாகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, இரணவைத்தியத்தை 1867இலும் மனுஷ அங்காதிபாதத்தை 1872இலும் வெளிக்கொணர்ந்தார். மதம் பரப்புதலும் அவரது நோக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் உடலைப் பற்றிய விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல முடியும் என்பது ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நிறுவப்பட்டுவிட்டது. அம்மரபு தொடரப்படவில்லை. 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தினால் அரச அலுவலில் ஒதுக்கப்பட்ட தமிழ், 1987இன் 13ஆவது திருத்தத்தினால் ஆட்சிமொழி நிலை பெற்ற பின்னரும், தலைநகரின் மருத்துவமனைகளில் தமிழ் நோயாளர் தமது கேள்விக்குத் தமிழில் முழுமையான விடை பெறுவது உறுதியாகிவிடவில்லை. விடை கிடையாத இடத்திற் பழைய விடையே நிலைத்து நிற்கும். அதனை நம்பிக் காத்திருப்பவர் தவிர்க்கக்கூடிய குருட்டை ஏற்றுக்கொள்கிறார்.

எனவே கேள்வி கேட்போரைத் திருத்துவதன்று நமது பணி. வில்லையும் மருந்தும் தரமானவையாகக் கட்டணமின்றிக் கிடைப்பதும், அவை பற்றிய விளக்கம் நோயாளரின் மொழியிற் கிடைப்பதும் ஒரே கோரிக்கையின் இரு பகுதிகள். அக்கோரிக்கையைத் தொழிற்சங்கங்களும் தமிழாய்வாளரும் சேர்ந்தே முன்னெடுத்தல் வேண்டும்.