பினாங்குத் தெருக்களில் மூத்தோருடன்

ஈப்போவிலிருந்து பினாங்கு இரண்டு மணி நேரப் பயணம்தான். மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நம் முன்னோரில் பலர் முதலில் கால் வைத்த கரை அது.

1786இல் பிரான்சிஸ் லைட் ஜோர்ஜ்டவுனை நிறுவிய காலத்திலேயே சோழமண்டலக் கரையின் சூலியா வணிகர்கள் அங்கே குடியேறினர். பரங்கிப்பேட்டை வணிகர் காதர் மைதீன் மரைக்காயர் அவர்களுக்குத் தலைவரானார். 1801இல் கும்பினியார் தந்த நிலத்தில் எழுந்ததே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்.

அதே சாலையில் 1818இல் கட்டிய ஜார்ஜ் தேவாலயமும் சீனர்களின் குவான் இன் கோயிலும் உள்ளன. அடுத்த வீதியில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில். சூலியா தெருவில் நாகூர் நாயகத்தின் நினைவாக எழுந்த தர்கா. எல்லாம் நடந்து செல்லும் தொலைவே. வெயில் ஏறினால் மூத்தோர் அஞ்சடி நிழலில் இளைப்பாறலாம்.

2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுடைமையாக அறிவித்தது. ஆனால் வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியில் நீங்கியபின், பழைய குடும்பங்கள் பல வெளியேறிவிட்டன. கட்டடங்களின் ஆண்டுகளை வழிகாட்டி சொல்வார். அங்கே வாழ்ந்தோரை யார் சொல்வது?

கப்பல்வழி ஹஜ் பயணிகள் கூடிய ஆச்சே தெருவையும், உறவினரை வழியனுப்பிய துறைமுகத்தையும் அறிந்தோர் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அடுத்த பள்ளி விடுமுறையில் அவர்களையும் பேரப்பிள்ளைகளையும் ஒரே வண்டியில் அழைத்துச் செல்வோம். வழிகாட்டி முடித்ததும் நன்னாவும் நன்னிமாவும் பேசட்டும். பிள்ளைகள் எழுதி வைக்கட்டும்.