களத்தில் பிரிந்த தம்பியர்: கும்பகருணன் – வீடணன் உறவும் அதன் வாசிப்பு வரலாறும்

கம்பராமாயண யுத்த காண்டத்தின் கும்பகருணன் வதைப் படலத்தில், போர் மூளுவதற்கு முன் இராவணனின் தம்பியர் இருவரும் களத்திடையே சந்திக்கின்றனர். வீடணன் அழைக்கிறான், கும்பகருணன் மறுக்கிறான். இருவரும் தழுவி அழுது பிரிகின்றனர். தமிழ் இலக்கிய மேடைகளில் மிகுதியாக வாதிடப்பட்ட காப்பியப் பகுதிகளுள் இதுவும் ஒன்று. ‘உயர்ந்தது நன்றிக்கடனா, அறமா?’ என்றும், ‘விஞ்சி நிற்பவன் கும்பகருணனா, வீடணனா?’ என்றும் தலைப்புகள் மாறினாலும் அடிப்படை வினா ஒன்றே. இவ்வினா காப்பியத்திலிருந்து எழுந்ததா, வாசித்த காலங்களின் தேவையிலிருந்து எழுந்ததா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் பிறப்பு

வீடணன்மீது துரோகப் பழி சுமத்துவது புதிதன்று. நிகும்பலையில் இந்திரசித்தே தன் சிற்றப்பனை நோக்கி அப்பழியைக் கூறுகிறான். வான்மீகத்திலும் இது உண்டு. ஆனால் அங்கே அது ஒரு பாத்திரத்தின் சினமொழி மட்டுமே. காப்பியம் முழுமைக்குமான தீர்ப்பு அன்று. அச்சினமொழி தீர்ப்பாக மாறியது பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் எனலாம். வங்கத்தில் மைக்கேல் மதுசூதன தத்தரின் ‘மேகநாதவத காவியம்’ (1861) இந்திரசித்தைத் தலைவனாக்கி, அவனுக்கு வீடணன் இழைத்த துரோகத்தை உருக்கமாகப் பாடியது. இந்தி வழக்கில் ‘கர் கா பேதீ லங்கா டாயே’ என்னும் பழமொழி வழங்குகிறது. வீட்டு மறை அறிந்தவனே இலங்கையை இடிப்பான் என்பது அதன் பொருள். இராமபக்தி ஓங்கிய நிலப்பகுதியிலேயே இராமனின் அடியவன் உட்பகைக்குச் சான்றாகிவிட்டமை வியப்புக்குரியது.

தமிழகத்தில் இவ்வாசிப்பு அரசியல் உருக்கொண்டது. 1943-இல் அறிஞர் அண்ணா, ரா.பி. சேதுப்பிள்ளையுடன் சென்னையிலும் நாவலர் சோமசுந்தர பாரதியாருடன் சேலத்திலும் நிகழ்த்திய சொற்போர்கள் பின்னர் ‘தீ பரவட்டும்’ என நூலாயின. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடைசெய்யப்பட்டு, 1971-இல் தடை நீங்கப் பெற்றது. இராவணனைத் திராவிடத் தலைவனாகக் காணும் பார்வையில் வீடணன் இனத்தைக் காட்டிக்கொடுத்தவன் ஆவதும், கும்பகருணன் இனத்துக்காக உயிர்விட்ட வீரன் ஆவதும் இயல்பே. மறுதரப்பினரும் இப்பிரிவை ஏற்றுக்கொண்டே வாதிட்டனர் என்பது பலரும் கவனியாத செய்தி. 1939-இல் சா. கணேசன் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தையும் அதன் வழிவந்த கழகங்களையும் சார்ந்த பட்டிமண்டபங்கள் வீடணனை அறத்தின் சார்பாளனாக நிறுவ முயன்றன. ஒருசாரார் தாழ்த்தியவனை மறுசாரார் உயர்த்தினர். இருவரையும் எதிரெதிர்த் தட்டுகளில் வைத்து நிறுக்கும் துலாக்கோலை எவரும் ஐயுறவில்லை. மேடைக்கு இரண்டு அணிகள் வேண்டும் என்ற நடைமுறைத் தேவையும் இதற்குத் துணைநின்றது.

மூன்று காப்பியங்கள், மூன்று சந்திப்புகள்

கம்பன் செய்தது யாது என அறிய ஏனைய இராமாயணங்களோடு ஒப்பிடுதல் தேவையாகிறது. பரோடா கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1960–1975 காலத்தில் வெளியிட்ட வான்மீகச் செம்பதிப்பில் இவ்விருவரும் களத்தில் உரையாடும் விரிவான காட்சி இல்லை. வழக்கிலுள்ள சில பாடங்களில் மட்டும் ஒரு சிறு உரையாடல் உண்டு. அதில் குலத்தைக் காக்க வல்லவன் நீயே என்று கும்பகருணன் தம்பியைப் பாராட்டி விலகச் சொல்கிறான். பதினாறாம் நூற்றாண்டில் துளசிதாசர் இயற்றிய ‘ராமசரிதமானச’த்தில் வீடணன் தமையனின் கால்களில் விழுந்து, இராவணன் தன்னை உதைத்துத் துரத்தியதைக் கூறுகிறான். கும்பகருணன் அவனை அரக்கர் குலத்துக்கே அணிகலன் எனப் புகழ்கிறான். தானோ காலன் வயப்பட்டுத் தன்னவர், பிறர் என அறியாதவனாகிவிட்டதால் அகன்று செல்லுமாறு பணிக்கிறான். துளசியில் வீடணன் தமையனைத் தன் பக்கம் அழைப்பதில்லை. அழைப்பு இல்லாதபோது மறுப்புக்கும் இடமில்லை. ஆகவே மதிப்பு முரண் கூர்மையடையாமல் வாழ்த்தோடு நின்றுவிடுகிறது. மானசத்தில் தோய்ந்த வட இந்திய மாணவர்க்குக் கம்பனைக் கற்பிக்கும்போது அவர்கள் முதலில் திகைப்பது இந்த இடத்தில்தான்.

கம்பனில் இச்சந்திப்பு ஒரு போர்த் தந்திரமாகத் தொடங்குகிறது. களத்தில் தோன்றிய பேருருவினன் யாவன் என இராமன் வினவ, வீடணன் விடை கூறுகிறான். இவனைக் கொல்வதால் பயனில்லை, கூடுமாயின் நம்மொடு சேர்த்துக்கொள்ளலாம், வீடணனின் துயரமும் தீரும் என்று கருத்துரைப்பவன் சுக்கிரீவன். இராமன் இசைகிறான்; தூது செல்ல வீடணன் முன்வருகிறான். இதனை முன்மொழிபவன் தன் தமையனைப் பகையாக்கி அவனது அழிவின்மேல் அரசு பெற்ற சுக்கிரீவன் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. ஆயின் தூதன் தமையன்முன் நின்றதும் தந்திரம் கரைந்துவிடுகிறது. தம்பி அஞ்சித் திரும்பி வந்துவிட்டான் என எண்ணிக் கலங்கும் கும்பகருணனின் முதற்சொற்களே உரையாடலை வேறு தளத்துக்குக் கொண்டு செல்கின்றன.

ஒத்த கருத்து, ஒவ்வாத செயல்

இராவணன் செய்தது பிழை என்பதில் தம்பியர் இருவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. மந்திரப் படலத்தில் பெருமை பேசும் அவையே பிறன்மனை விழைவையும் காக்கிறது எனக் கடுமையாகச் சாடுபவன் கும்பகருணன். வீடணன் வாய்திறப்பதற்கு முன்னரே அவன் பேசிவிடுகிறான். எனினும் அங்கே அவன் முடிவு வேறு. இனிச் சீதையை விடுத்தால் எளியர் ஆவோம், பொருது மடிந்தாலும் பழியில்லை என்கிறான். துயிலெழுப்பப்பட்ட பின் அவன் நிலை மாறுகிறது. சீதையை விட்டுவிடு, தம்பியோடு உறவாடு என்று இராவணனிடம் வேண்டுகிறான். அவையில் மானத்தை நினைத்தவன், பின்னர்க் குலத்தின் அழிவை நினைக்கிறான். அண்ணன் இகழ்ந்ததும் பிழை பொறுக்குமாறு வேண்டி, தான் மீளப்போவதில்லை என்பதை அறிந்தே களத்துக்குப் புறப்படுகிறான். தான் இறந்தபின்னாவது அவளை விடுக என்பது அவன் விடைபெறும் சொல்.

எனவே மேடைகளில் பேசப்படுவதுபோல் ஒருவன் அறத்தை அறிந்தவன், மற்றவன் நன்றியை மட்டும் அறிந்தவன் என்ற பாகுபாடு பொருந்தாது. இருவரும் ஒரே தீர்ப்பை வழங்கியவர்கள். தீர்ப்பு வழங்கியவன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் பிரிகின்றனர். தவறிழைக்கும் தலைவனை விட்டு நீங்குவதா, தவறென்று சொல்லிவிட்டு அவனோடு அழிவதா? வீடணன் இவ்வினாவுக்கு விடையை முன்னரே தேடியிருக்கிறான். வான்மீகத்தில் இல்லாத இரணியன் வதைக் கதையைக் கம்பன் வீடணன் வாயிலாக இராவணன் அவையில் சொல்ல வைக்கிறான். தந்தையை விட்டு இறைவனைப் பற்றிய பிரகலாதனே அவன் காட்டும் முன்னோடி. தந்தை கொல்லப்படுவதைக் கண்டு மகிழ்ந்தவனைப் போன்றவன் நீ என இராவணன் அக்கதையைத் திருப்பி எறிகிறான். அவ்வேச்சு கொடியது, எனினும் முற்றும் புறக்கணிக்கத் தக்கதன்று. அறத்தின் பக்கம் நிற்பவனைக் குருதியுறவு விடாமல் கேட்கும் கேள்வி அது.

சோறும் சுற்றமும்

கும்பகருணனின் மறுப்புக்கு அவன் தரும் காரணம் எளியது. நெடுங்காலம் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடாமல், நிலையற்ற வாழ்வை விரும்பி எதிர்ப்பக்கம் செல்வது எங்ஙனம்? இதனைச் செஞ்சோற்றுக்கடன் என்று கூறுவது மரபு. வில்லிபாரதத்துக் கர்ணனோடு இவனை இணைத்துப் பேசுவதும் இதனாலேயே. கம்பன் காலம் ஒன்பதாம் நூற்றாண்டா, பன்னிரண்டாம் நூற்றாண்டா என்பது வாதத்துக்குரியதாயினும் இருகாலமும் சோழர் காலமே. அரசன் உயிரோடு தம் உயிரைப் பிணைத்துச் சூளுரைத்தவர்களாக அறிஞர் கருதும் வேளைக்காரப் படையினர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றனர். தலைவனுக்காக மடிந்தோர்க்கு நடுகல் எடுக்கும் வழக்கமும் அதற்கு முன்பிருந்தே வேரூன்றியிருந்தது. கும்பகருணன் சொற்கள் அக்காலச் செவிகளுக்குப் பழகிய சொற்களாகவே இருந்திருக்கும்.

ஆயினும் சூளுறவு அக்காலத்தில் ஐயத்துக்கு அப்பாற்பட்டிருந்தது எனக் கொள்ளுதல் பிழையாகும். இலங்கையில் முதலாம் விசயபாகுவின் பணியில் இருந்த வேளைக்காரர், பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவன் சோழர்மேல் படையெடுக்க முற்பட்டபோது கிளர்ந்தெழுந்ததைச் ‘சூளவம்சம்’ குறிக்கிறது. சோழநாட்டோடு அவர்க்கிருந்த உறவே காரணம் என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. விசயபாகுவின் மறைவுக்குப் பின்னர்ப் பொலன்னறுவையில் புத்தரின் புனிதப்பல் இருந்த கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் ஏற்றதைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சான்றளிக்கிறது. சோறிட்டவன் ஒருபுறமும் சுற்றத்தார் மறுபுறமும் நின்றால் வாள் எத்திசை நோக்கும் என்பது அக்காலப் படைவீரர் சிலர்க்கேனும் உண்மையான இடராக இருந்தது. கம்பன் இந்நிகழ்ச்சியை அறிந்து பாடினான் என்பது என் கருத்தன்று, அதற்குச் சான்றில்லை. அவன் சித்திரித்த இடர்ப்பாடு வெறும் கற்பனைப் புதிர் அன்று என்பதற்கே இதனைச் சுட்டுகிறேன்.

கும்பகருணனுக்குச் சோறும் சுற்றமும் ஒருபுறமே நிற்கின்றன என்று தோன்றலாம். அவ்வாறன்று. வீடணனும் சுற்றமே. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே நிற்பவன் அவன் ஒருவனே. அண்ணனுக்கு உயிரைக் கொடுக்கிறான். தம்பிக்கு என்ன கொடுக்கிறான் என்பதை மேடைகள் கேட்பதில்லை.

நீர்க்கடன்

தம்பியைக் கண்டதும் கும்பகருணன் வருந்துவது ஏன்? அரக்கர் குலம் முழுதும் மடியும்போதும் இறந்தோர்க்கு எள்ளும் நீரும் இறைக்க நீ ஒருவன் எஞ்சியிருப்பாய் என்று ஆறுதல் கொண்டிருந்தேனே, நீயும் வந்துவிட்டாயே என்பது அவன் புலம்பல். இராமனிடம் மீண்டு செல், வாழ், எங்களுக்கு நீர்க்கடன் செய் என்பதே அவன் இறுதியாக வலியுறுத்துவது. வீடணன் இராமனைச் சேர்ந்தது அவனுக்குத் துரோகமாகத் தோன்றவில்லை. குலத்தின் தொடர்ச்சியாகத் தோன்றுகிறது. தான் மடியத் துணிந்ததற்கே தம்பி பிழைத்திருப்பது ஒருவகையில் நிபந்தனையாகிறது. கடன் தீர்க்க ஒருவன் சாக வேண்டும்; செத்தவனுக்குக் கடன் செய்ய ஒருவன் வாழ வேண்டும். மேடை பகைக்கட்சிகளாகப் பிரித்த இரு மதிப்புகளும் ஒரே குடும்பத்தின் இரு கடமைகளாக இங்கே பங்கிடப்படுகின்றன.

இலங்கை அரசை உனக்கே தந்து ஏவல் செய்வேன் என்று வீடணன் சொல்வதையும் இதனோடு சேர்த்துக் காண வேண்டும். பதவிக்காகப் பகைவரை அடைந்தான் என்ற பழிக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. ஆயினும் வீடணனை வாழ்த்தும் கட்டுரைகளில்கூட இச்சொற்கள் பெரும்பாலும் இராமபக்தியின் வெளிப்பாடாகவே விளக்கப்பட்டு, உடன்பிறப்பின் பரிதவிப்பாக விளக்கப்படாமல் போயின.

போரில் சுக்கிரீவன் கும்பகருணனின் மூக்கையும் செவிகளையும் கடித்தெடுக்கிறான். கைகால் இழந்து வீழும் நிலையில் அவன் இராமனிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறான். மூக்கிழந்த முகத்தை எவரும் காணாதவாறு தன் தலையைக் கடலில் ஆழ்த்த வேண்டும் என்பது ஒன்று. இதனை உரையாசிரியரும் சொற்பொழிவாளரும் விரிவாகப் பேசியுள்ளனர். மற்றொன்று தம்பியைப் பற்றியது. இராவணன் வீடணனைக் காணின் தம்பி என இரங்காது கொல்வான். ஆதலின் உன்னையோ, உன் தம்பியையோ, அனுமனையோ அவன் ஒருபொழுதும் பிரியாதிருக்க அருள்க என்று வேண்டுகிறான். யாருக்காக உயிர்விடுகிறானோ அவனிடமிருந்தே தம்பியைக் காக்குமாறு, தன்னைக் கொல்பவனிடம் கேட்கும் வேண்டுகோள் இது. செஞ்சோற்றுக்கடன் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இதனை அடக்க இயலாது.

இவ்வேண்டுகோள் காப்பியத்தில் மறக்கப்படவில்லை. வேல் ஏற்ற படலத்தில் இராவணன் வீடணன்மேல் எறிந்த வேலை இலக்குவன் முன்வந்து தன் மார்பில் ஏற்று வீழ்கிறான். வீடணனுக்காக இலக்குவன் இடருறுவது வான்மீகத்திலும் உண்டு. ஆனால் கம்பனில் அந்நிகழ்ச்சிக்கு முன் கும்பகருணனின் சொல் நிற்கிறது. அவன் பெயரிட்டு வேண்டிய மூவருள் ஒருவன் வேலை ஏற்கிறான். மற்றொருவனாகிய அனுமன் மருந்து கொணர்கிறான். இராவணன் வீழ்ந்தபின் அவன் உடல்மேல் விழுந்து அழுது, இராமனின் பணிப்பின்படி ஈமக்கடன் ஆற்றுபவன் வீடணன். களத்தில் மறுத்தனுப்பிய தமையன் அவனிடம் எதிர்பார்த்ததும் அதுவே.