பேராதனையிலிருந்து ஒரு பார்வை: இத்தாலியச் சுழியோடிகளின் துணிவும் வழித்தோன்றலும்

1944 ஏப்ரலில் உச்சத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசிய நேசநாட்டுப் படைகளின் தலைமையகத்தை டெல்லியிலிருந்து கண்டிக்கு மாற்றிப் பேராதனைப் பூங்காவில் அமைத்தார். அந்தக் காலத்துக் கண்டியைப் பற்றிப் பேசும்போது நம் பார்வை பர்மாக் காடுகளின் பக்கமே செல்கிறது. கடலடியில் நடந்த போரும் அதே வரலாற்றின் பகுதிதான். அவ்வாண்டு இலங்கைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட பிரித்தானியச் சுழியோடிகள் கையாண்டது இத்தாலியர் வகுத்த போர்முறை. அது இங்கு வந்து சேர்ந்த வழியை ஆராய்ந்தால், இத்தாலியரின் துணிவைச் சாகத் துணிந்த வீரமாகக் கொள்வது பிழை என்பது விளங்கும். உயிரோடு திரும்புவதையும் கணக்கில் எடுத்துத் திட்டமிட்ட துணிவு அது.

அவர்கள் ஏறிச்சென்ற கருவியின் அமைப்பே இதற்கு முதற்சான்று. தெசெயோ தெசெய், எலியோஸ் தொஸ்கி என்னும் இரு கடற்படைப் பொறியியலாளர் உருவாக்கிய அந்த மெதுவோட்ட டோர்ப்பீடோவில் இருவர் முன்பின்னாக அமர்ந்து செல்வர். மின்விசையால் மணிக்கு ஏறத்தாழ 3 கடல்மைல் போகும். குமிழி மேலெழுந்து காட்டிக்கொடுக்காதபடி தூய ஒட்சிசனை மூடிய சுற்றில் சுவாசிப்பர். ஆழம் கூடினால் அதே ஒட்சிசன் நஞ்சாகும். முன்புறத்து வெடிதலையைக் கழற்றி எதிரிக் கப்பலின் அடியில் தொங்கவிட்டு, நேரக்கருவியை முடுக்கிவிட்டு விலகிவிட வேண்டும். வெடிதலை கழன்று வருவதில்தான் முழுத் தத்துவமும் அடங்கியிருக்கிறது. 1944 நவம்பரில் ஜப்பானியர் முதன்முதல் ஏவிய கைத்தென் டோர்ப்பீடோவோ ஓட்டுபவரோடு சேர்ந்தே இலக்கில் மோதி வெடிப்பது. இரண்டையும் ஒரே இனமாக எழுதுவது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி.

இரண்டாம் சான்று அலெக்சாந்திரியாத் தாக்குதல். 1941 டிசம்பர் 18-19 இரவு இத்தாலியக் கடற்படை அதிகாரி போர்கேசேயின் தலைமையில் வந்த ‘ஷிரே’ நீர்மூழ்கிக் கப்பல் மூன்று கருவிகளையும் ஆறு பேரையும் எகிப்தின் அலெக்சாந்திரியாத் துறைமுகத்துக்கு வெளியே இறக்கிவிட்டது. பிரித்தானிய நாசகாரிகளுக்காகத் தடைவலை திறந்தபோது அவர்களும் உடன் நுழைந்தனர். அறுவரில் ஒருவரான லூயிஜி துராந்த் தெ லா பென்னேயின் கருவி ‘வேலியன்ட்’ போர்க்கப்பலின் அருகே நின்றுபோனது. துணைவர் எமிலியோ பியாங்கியையும் காணவில்லை. தெ லா பென்னே தனியொருவராகக் கருவியைச் சேற்றில் இழுத்துக் கப்பலுக்கு அடியில் சேர்த்தார். பின்னர் பிடிபட்ட அவரும் பியாங்கியும் வெடியிருந்த இடத்துக்கு அருகே கப்பலின் கீழ்த்தளத்தில் அடைக்கப்பட்டனர். வெடிக்கும் நேரம் நெருங்கியபோதுதான், மாலுமிகளை அப்புறப்படுத்துமாறு தெ லா பென்னே கப்பலின் தலைவர் கப்டன் மோர்கனை எச்சரித்தார். வெடி இருக்கும் இடத்தை மட்டும் சொல்லவில்லை. ‘வேலியன்ட்’, ‘குயின் எலிசபெத்’, எண்ணெய்க் கப்பல் ‘சகோனா’ ஆகியவை சேதமுற்றன. தப்புவோரை ரோசெட்டா கரைக்கு அப்பால் இன்னொரு நீர்மூழ்கி ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. கரையேறியவர்களிடம் கொடுத்தனுப்பிய ஆங்கிலப் பணம் எகிப்தில் எளிதில் செல்லுபடியாகவில்லை. கடலுக்கடியில் தேறிய திட்டம் கரையில் தோற்றது. ஆயினும் பிடிபட்ட அறுவரும் உயிர் பிழைத்தனர்.

தெசெய் 1941 யூலையில் மால்டாத் தாக்குதலில் இறந்ததை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். அவரது சாவைப் பாசிச அரசு காவியமாக்கியது உண்மை. ஆனால் அவர் செய்து விட்டுப்போன கருவி வேறு கதை சொல்கிறது. மனிதரின் முடிவைவிடக் கருவியின் அமைப்பையே நான் வலிய சான்றாகக் கொள்கிறேன்.

அலெக்சாந்திரியாவுக்குப் பின், இதற்கு நிகராக நாம் என்ன செய்கிறோம் என்று சர்ச்சில் தம் படைத்துறையினரைக் கேட்டார். அதன் விளைவாகப் பிறந்தது, இத்தாலியக் கருவியின் பிரித்தானிய வடிவமான ‘சாரியட்’. 1944இல் அது திருகோணமலைக்கு வந்தது. அதே ஆண்டு ‘வேலியன்ட்’டும் ‘குயின் எலிசபெத்’தும் கிழக்குக் கடற்படையோடு அங்கு நின்றன; இத்தாலியக் கருவியின் நகலும் அக்கருவிக்கு இரையானவையும் ஒரே துறைமுகத்தில் கூடின. ஒக்டோபர் இறுதியில் ‘ட்ரெஞ்சன்ட்’ நீர்மூழ்கி இரண்டு சாரியட்டுகளைப் புக்கெட்டுக்குக் கொண்டுசென்றது. இலக்குகளான ‘சுமாத்திரா’வும் ‘வோல்பி’யும் இத்தாலிய வணிகக் கப்பல்கள், ஜப்பானியர் அவற்றை மீட்டெடுத்துக்கொண்டிருந்தனர். முன்னது மூழ்கியது, பின்னது கடுஞ்சேதமுற்றது, நான்கு சுழியோடிகளும் திரும்பினர். இத்தாலியரின் வடிவமைப்பு வாக்களித்தது இந்து சமுத்திரத்தில் பிரித்தானியர் கையில் முழுமையாக நிறைவேறியது.

இதைக் கண்டியின் வெற்றியாக உரிமை கோர முடியாது. கிழக்குக் கடற்படை மவுண்ட்பேட்டனுக்கு முழுமையாகக் கட்டுப்பட்டதன்று. அக்கடற்படையின் தளபதியாயிருந்த அட்மிரல் சோமர்வில்லோடு அவருக்கிருந்த பிணக்கு அறியப்பட்டதே. கண்டியின் கை நேரடியாகத் தெரிவது யாழ்ப்பாணத்தில். ஊர்காவற்றுறைக்கு அருகே ஹம்மன்ஹீல் முகாமில் 1944இல் தளம் கொண்ட சிறு நடவடிக்கைக் குழுவில் கரையோர அளவாய்வாளரும் நீச்சல் உளவாளரும் சேர்க்கப்பட்டனர். அக்குழுவினர் 1945இல் ஐராவதி ஆற்றைக் கடக்கும் பணியிலும் உதவினர். மூழ்கடித்தலைவிட வேவுபார்த்தலே அங்கு முதன்மை பெற்றது.

இத்தாலி சரணடைந்தபின் அங்கு அந்தச் சுழியோடி மரபு இரண்டாகப் பிரிந்தது. போர்கேசே முசோலினியின் சாலோ குடியரசோடு நின்றார். அவர் தலைமையில் இயங்கிய படை எதிர்ப்புப் போராளிகளை வேட்டையாடியது. தெ லா பென்னே நேசநாடுகளின் பக்கம் சேர்ந்தார். 1945 மார்ச்சில் தாரந்தோவில் தங்கப்பதக்கத்தை அவர் நெஞ்சில் குத்தியவர் அதே மோர்கன். அலெக்சாந்திரியாவின் துணிவைப் போற்றுவோர் போர்கேசேயின் பிற்செயல்களை அதோடு சேர்த்துப் போற்றக் கூடாது.

பேராதனை, திருகோணமலை, ஹம்மன்ஹீல் மூன்றையும் ஒரே போரின் இடங்களாக இணைத்துப் படிக்கும் ஆய்வு தமிழில் வர வேண்டும். வரலாற்று மாணவர் இப்பணியை எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.