தாதியர் நேர்காணல்: நோன்புக் காலமும் நீரிழிவும்

நோயாளியிடம் தாதிய உத்தியோகத்தர் விவரம் கேட்டறிவதைத் தாதியர் நேர்காணல் என்பர். கேள்வி பிழைத்தால் பதில் பிழைக்கும். பதில் பிழைத்தால் மருந்தளவும் பிழைக்கும். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் எழுதிய தாதியியல் நூலிலேயே இதற்குத் தெளிவு உண்டு. நோயாளி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்பது வீண். எத்தனை மணிநேரம், எந்நேரத்தில் தூங்கினார் என்று கேட்க வேண்டும் என்றார் அவர்.

கல்முனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோரத்தில் இந்த விதிக்குக் கடுஞ்சோதனை றமழான் மாதம். 13 நாடுகளில் 2001-இல் நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள முஸ்லிம்களில் சுமார் 79 சதவீதத்தினர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு பிடித்தனர். அவர்களிடையே கடுமையான சீனிக்குறைவு மற்ற மாதங்களைவிட ஏறத்தாழ ஏழரை மடங்கு கூடியது. கிளினிக்கில் "குளிசை ஒழுங்காக் குடிக்கிறீங்கதானே?" என்று கேட்டால் "ஓம் மிஸ்" என்ற பதிலே வரும். பயமும் மரியாதையும் சேர்ந்து தரும் பதில் அது. "உம்மா, நோன்பு நாளையில காலைக் குளிசைய எந்நேரம் குடிக்கிறீங்க? சஹருக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டால், காலைக் குளிசையை விட்டுவிட்டதும், நோன்பு துறந்ததும் அதை இரவுக் குளிசையோடு சேர்த்துக் குடித்ததும் வெளிவரும். இன்சுலின் போடுபவரிடம் ஊசியில் அளவு எடுத்துக் காட்டச் சொல்வது இன்னும் நம்பகமானது.

கூட்டம் நிறைந்த கிளினிக்கில் இதற்கு நேரம் ஏது என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், மருத்துவர் குறுக்கிடாதபோது நோயாளிகள் சராசரியாக 92 விநாடிகளே பேசினர். நம் கிளினிக்குகளில் கணக்கு சற்று மாறலாம். எனினும் சீனி குறைந்து மயங்கியவரை வார்ட்டில் அனுமதித்துப் பார்க்கும் நேரத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். மார்க்க விடயத்தில் தாதி தலையிடுவதா என்பது அடுத்த மறுப்பு. நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாவாக ஈடுசெய்ய மார்க்கமே இடம் தருகிறது. நோன்பு பிடிப்பதா என்ற முடிவு அவருடையது. பிடித்தால் என்ன நடக்கிறது என்று கேட்டுக் குறித்து, மருத்துவரிடம் சேர்ப்பது தாதியின் கடமை. கூட வந்த மகன் பதில் சொன்னால் அதையும் குறிக்கலாம். ஆனால் தாயிடம் தனியே ஒருமுறை கேட்காமல் அந்தப் பக்கத்தை மூடக்கூடாது.