நில்லம்பையில் திரும்பிய வால்

பேராதனையிலிருந்து கலகாவுக்குச் செல்லும் பாதையிலே, இன்று தேயிலை போர்த்த மலைச்சாரலாய்க் காணப்படும் நில்லம்பையில், 17ஆம் நூற்றாண்டிலே கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் அரண்மனையொன்று இருந்தது. 1664ஆம் ஆண்டு டிசெம்பர் 21ஆந் தேதி நள்ளிரவில் அங்கே கிளர்ச்சி மூண்டது. அம்பன்வெல ரால அதன் தலைவர்களுள் ஒருவன். அரசன் மலைப்பக்கமாகத் தப்பினான். கிளர்ச்சியாளர் சிறுவனாகிய இளவரசனைக் கண்டியிலே அரசனாக்க முயன்றனர். ஆனால் அரசனின் சகோதரி அவனை அழைத்துக்கொண்டு ஓடிவிடவே, யாருக்காகக் கலகம் செய்தனரோ அவனே இல்லாத நிலையில் கூட்டம் சிதறிற்று. சில நாள்களுள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்நிகழ்ச்சியை விரிவாக எழுதிவைத்தவர் றொபேட் நொக்ஸ். 1660இலே திருகோணமலைக்கு அண்மையிலுள்ள கொட்டியாரத்தில் பிடிபட்டு, 1679 வரை கண்டி இராச்சியத்திலே சிறையிருந்த ஆங்கிலேயர் அவர். 1681இல் இலண்டனிலே வெளிவந்த அவரது நூல் அரசியல், வேளாண்மை, உணவு, உடை எனப் பலவற்றைக் கூறுவது. அதனிடையே, கிளர்ச்சிக் காலத்திலே கண்டி வானிற் காணப்பட்ட வால்வெள்ளியொன்றும் இடம்பெறுகின்றது. கிளர்ச்சி மூண்ட வேளையில் அது தலைக்கு நேர்மேலே நின்றதென்றும், அதற்கு முன்னர் மேற்குப் புறமாக நீண்டிருந்த வால் மறுநாளிரவு கிழக்குப் புறமாகத் திரும்பிவிட்டதென்றும், பின் சிறிது சிறிதாக மங்கி மறைந்ததென்றும் அவர் எழுதுகின்றார். கலகம் எழுந்த திசையும் மேற்கே. ஆதலின் வால் திரும்பியமை அவருக்குப் பெருவியப்பாயிற்று.

பழந்தமிழர் புகைக்கொடி என்றும், வடமொழி வழிவந்தோர் தூமகேது என்றும் அஞ்சிய பொருளைப் பற்றிய சகுனக் கதைகளுள் ஒன்றாக இதனைக் கொண்டு அப்பாற் செல்லுதல் எளிது. அவ்வாறு செல்வோர் நல்லதொரு வானியற் பதிவைக் கைவிட்டவராவர். 1664ஆம் ஆண்டின் வால்வெள்ளியை ஐரோப்பிய அறிஞர் பலரும் நோக்கிக் குறித்துள்ளனர். கேம்பிறிட்சிலே மாணவராயிருந்த ஐசாக் நியூற்றன் அதே டிசெம்பரில் அதனைப் பார்த்துத் தம் குறிப்பேட்டில் எழுதினார். அவருக்கு அப்பொழுது 22 வயது நிரம்பும் தறுவாய். நில்லம்பைக் கலகத்தைக் கண்ட நொக்ஸுக்கு 23. இங்கிலாந்து அக்காலத்திற் பழைய நாட்காட்டியைக் கைக்கொண்டிருந்தமையால், நொக்ஸ் கூறும் டிசெம்பர் 21 இன்றைய கணக்கில் டிசெம்பர் 31 ஆகும். அவ்வால்வெள்ளி பூமிக்கு மிக அண்மையில் வந்தது டிசெம்பர் 29இலே. அந்நாள்களில் அது சூரியனுக்கு நேரெதிரான வான்புறத்தை விரைந்து கடந்துகொண்டிருந்தது. கலகக்காரரின் நாளும் வால்வெள்ளியின் நாளும் தற்செயலாகவே அருகருகே அமைந்துவிட்டன.

வால் ஏன் திரும்பிற்று? வால்வெள்ளியின் வால் அது செல்லும் வழியில் பின்னே இழுபடுவதன்று; எப்பொழுதும் சூரியனுக்கு அப்புறமாகவே நீள்வது. சுழலும் மின்விசிறியின் முன்னே நாடாவொன்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சிறுவன் எப்பக்கம் நடந்தாலும், நாடா விசிறிக்கு எதிர்ப்புறமாகவே பறக்கும். விடியற்புறத்து வானிலே தோன்றும் வால்வெள்ளிக்குச் சூரியன் கிழக்கே உள்ளது. எனவே வால் மேற்கே நீளும். அதுவே சூரியனுக்கு நேரெதிர்ப் புறத்தைக் கடந்து முன்னிரவு வானுக்கு வந்துவிட்டால் சூரியன் மேற்கே, வால் கிழக்கே. சீனர் இவ்வுண்மையை 9ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தனர். நொக்ஸ் அதனை அறியார். அறியாதிருந்தும் கண்டதைக் கண்டவாறே எழுதினார். அதுவே அவர் பதிவின் மதிப்பு.

அந்நாடாவை வீசும் காற்று எது என்பதிலேதான் கண்டி வானமும் வடமுனை வானமும் சந்திக்கின்றன. வாலிலுள்ள நுண்தூசைச் சூரிய ஒளியே தள்ளுகின்றது. வெறுங்கண்ணுக்குப் பெரிதாய்த் தெரிவது பெரும்பாலும் அத்தூசு வாலே. மின்னேற்றம் பெற்ற வாயுவாலான மற்றொரு வாலும் உண்டு. அதனை ஆராய்ந்த செருமானிய அறிஞர் லுட்விக் பியர்மன், சூரியனிலிருந்து துணிக்கைகள் இடையறாது பாய்ந்துவருதல் வேண்டுமென 1951இலே வாதித்தார். 1958இல் அமெரிக்கரான யூஜின் பாக்கர் அதன் கோட்பாட்டை வகுத்து அதற்குச் சூரியக்காற்று எனப் பெயரிட்டார். 1962இல் வெள்ளிக் கோளை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம் அக்காற்றை நேரிலே அளந்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் விரையும் அப்பாய்ச்சல், பூமியை அடைய நான்கு நாள்வரை எடுக்கும்.

அதே காற்றுத்தான் வடமுனை ஒளியின் தாய். பூமியின் காந்தப்புலம் அக்காற்றைப் பெரும்பாலும் விலக்கிவிடினும், அதனாற் கலங்கிய புலத்தினின்றும் முடுக்கப்பட்ட இலத்திரன்கள் காந்தமுனைகளைச் சூழ்ந்த வளையங்களிலே வளிமண்டலத்துட் புகுகின்றன. அவை மோதுமிடத்து, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசன் பச்சையாகவும், 200 கிலோமீற்றருக்கு மேலே சிவப்பாகவும் ஒளிர்கின்றது. பின்லாந்து மக்கள் இதற்கு நரித்தீ என்று பொருள்படும் பெயரை இட்டுள்ளனர்.

கண்டியிலே நரித்தீ எரிவதில்லை. காந்த மத்தியகோடு இம்மலைநாட்டுக்கு அண்மையிற் செல்வதால், இங்கே காந்தவிசைக் கோடுகள் ஏறக்குறைய நிலத்துக்குச் சமாந்தரமாகவே கிடக்கின்றன. துணிக்கைகள் இறங்கிவர வழியில்லை. எனினும் இப்பக்கத்து நாடுகளுக்கு அக்காற்றோடு உறவே இல்லை என்பது பொருந்தாது. 1859 செப்டெம்பரிற் சூரியப் புயல் தாக்கியபொழுது பம்பாயின் கொலாபா வானாய்வு நிலையக் காந்தக்கருவிகள் அதனைப் பதிவுசெய்தன. இன்றைய ஆய்வாளரும் அப்புயலின் வலிமையை மதிப்பிட அப்பதிவையே நாடுகின்றனர். 1872 பெப்ரவரி 4இல் எழுந்த முனையொளி பம்பாய் வரை தெரிந்ததாக அந்நகரப் பத்திரிகை எழுதிற்று. 2024 மே மாதத்திலே லடாக்கின் ஹன்லே வானிலும் செவ்வொளி காணப்பட்டது. கண்டி வானமும் முழுவதும் இருண்டதன்று. முனையொளிக்குப் பச்சை நிறந்தரும் அதே ஒட்சிசன், பகலிற் பெற்ற சூரிய ஆற்றலால், கண்ணுக்குப் புலப்படாத மென்பச்சை ஒளியை இரவு முழுவதும் உலகெங்கணும் உமிழ்கின்றது. நுண்ணிய ஒளிப்படக் கருவிக்கு அது புலப்படும். மலையகத்துச் சிறுவர்க்கு முனையொளியைப் பனிநாட்டு அதிசயமென அப்பாலிருந்தே கற்பிப்பதினும், நில்லம்பை வாலிலிருந்தும் இப்பச்சை ஒளியிலிருந்தும் தொடங்குதல் தக்கது.

அக்காலத்துக் கண்டியிலே அச்சமன்றி ஆராயும் ஆவல் இருக்கவில்லை எனக் கொள்ளுதலும் தவறு. 1666 பெப்ரவரியில் மேற்கு வானிலே மற்றோர் ஒளிக்கற்றை தோன்றியதென நொக்ஸ் குறிக்கின்றார். வால் மட்டுமே தெரிந்தது. தலை அடிவானின் கீழ் இருந்தது. அரசனும் மக்களும் கலங்கினர். ஆயினும் அரசன் கலங்கியதோடு நின்றானல்லன். நாட்டின் மிகவுயர்ந்த மலைகளின்மீது ஏறி அதன் தலை தெரிகின்றதா எனப் பார்த்துவருமாறு ஆள்களை அனுப்பினான். உயரத்தினின்று நோக்கின் அடிவானம் தாழும் என்பதை அவன் எங்ஙனமோ அறிந்திருந்தான். ஏறியவர்கள் அதன் தலையைக் காணாமலே திரும்பினர்.