சூசையும் ஸ்டாலினும்

மட்டக்களப்பில், அமிர்தகழிக்குச் சற்றுத் தள்ளி, வாவி சூழ்ந்த புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628-இல் கோட்டை எழுப்பினர். 1638-இல் ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆனால், அவர்கள் விட்டுச்சென்ற பெயர்களை மட்டக்களப்பு திருப்பித் தரவில்லை.

பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோலும் அந்தக் குடும்பப் பெயர்களும் நீடித்தன. கத்தோலிக்கத் தமிழரோ புனிதர்களின் பெயர்களை நம் நாவுக்கு ஏற்ப வளைத்தார்கள்: ஜோசே சூசையானார்; சவேரியார் பெயரோடு முத்துச் சேர்ந்து சவரிமுத்து வந்தார். ஞானஸ்நானத் தொட்டியில் கிடைத்த பெயர்தான், எனினும் இரவல் என்று இன்று யாருக்கும் தோன்றுவதில்லை.

பின்னாளில், கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில், அரசியலும் பெயர் சூட்டியது. அரசியல்வாதி கருணாநிதிக்கு 1953 மார்ச் 1-இல் சென்னையில் பிறந்த மகனுக்கு, மார்ச் 5-இல் இறந்த சோவியத் தலைவரின் பெயர் கிடைத்தது. அதை வளைக்க எவரும் முனையவில்லை; ஸ்டாலின் ஸ்டாலினாகவே முதலமைச்சரானார்.