ஆற்றைக் கடக்கும் விலை: பாலச் சுங்கமும் உள்ளூர் எதிர்ப்பும், 1851–2025

கடலூரிலிருந்து வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் செல்லும் சாலையில் இருக்கிறது குள்ளஞ்சாவடி. இதற்கு வடக்கே கெடிலமும் தென்பெண்ணையும் ஓடுகின்றன; தெற்கே பரவனாறும் வெள்ளாறும்; மாவட்டத்தின் தென்னெல்லையில் கொள்ளிடம். எல்லாமே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் பாய்கின்றன. ஆகவே நெய்வேலிக்கோ விருத்தாசலத்துக்கோ போகிறவருக்கு ஆறு பெரிய தடையாக நிற்பதில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ போக வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு ஆறுகளைத் தாண்டியாக வேண்டும். இந்த நிலவியலை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் இங்கே எழும் சுங்க எதிர்ப்பைப் புரிந்துகொள்ள முடியாது. நெடுஞ்சாலையில் சுங்கம் கேட்டால் ஊர்ச்சாலை வழியாகச் சுற்றிப் போகலாம். ஆற்றில் அது முடியாது. அடுத்த பாலம் பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. சுங்கத்தை எதிர்ப்பவர்களைக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. சட்ட வரலாற்றையும் பல ஊர்களின் போராட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மக்கள் எதிர்ப்பது தொகையைவிட, அதிலிருந்து விலக வழியே இல்லாத நிலையை. விலகும் வழி இடத்தில் இருக்கலாம், மாற்றுப் பாலமாக. காலத்தில் இருக்கலாம், வசூலுக்கு ஒரு முடிவுநாளாக. இரண்டும் அடைபடும்போதுதான் உள்ளூர்க்காரர் தெருவுக்கு வருகிறார்.

பொதுப்பணத்தில் போட்ட சாலைகளிலும் பாலங்களிலும் சுங்கம் வாங்க அரசுக்கு அதிகாரம் தந்த 1851ஆம் ஆண்டின் 8ஆவது சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. பின்னர் சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டுகளும் நகரசபைகளும் தங்கள் சாலைச் செலவுக்காகச் சுங்கம் வசூலித்தன. 1920ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டங்களும் அந்த உரிமையை வைத்திருந்தன. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டமும் இதே அமைப்புக்குள்தான் இருந்தது. மோட்டார் வாகனங்கள் பெருகியதும் இந்த முறை தாங்கவில்லை. ஒவ்வொரு உள்ளாட்சியும் தன் எல்லையில் வண்டியை நிறுத்தியது. ஒரே பயணத்தில் பல இடங்களில் கை நீட்டல். இதற்குத் தீர்வாக வந்ததுதான் 1931ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம். அது உள்ளாட்சிகளின் சாலைச் சுங்கத்தை ஒழித்தது. அதற்குப் பதிலாக வாகன உரிமையாளரிடம் மாகாண அரசு வரி வாங்கியது. வருமானம் இழந்த உள்ளாட்சிகளுக்கு அந்த வரியிலிருந்து ஈட்டுத்தொகை தந்தது. தமிழ்நாட்டின் சாலை வரலாற்றில் இதைவிட முக்கியமான ஆவணம் அதிகம் இல்லை என்பது என் துணிபு. ஏனென்றால் அது ஒரு வரிச் சட்டம் மட்டுமல்ல, ஓர் ஒப்பந்தம்: வண்டிக்கு வரி கட்டு, வழியில் உன்னை நிறுத்தமாட்டோம். 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது, வரி தொடர்ந்தது. 1929இல் தொடங்கிய மத்திய சாலை நிதிக்காகப் பெட்ரோல் மீதும் தனியே வசூல் நடந்தது. இன்று அது செஸ் என்ற பெயரில் ஒவ்வொரு லிட்டரிலும் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் மறுபாதி எப்படிக் கரைந்தது என்பதே நம் கேள்வி. அது கரைந்த இடம் பாலம். 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 7ஆம் பிரிவில் கட்டணம் வாங்க அனுமதித்தபோது, படகுத்துறை, தற்காலிகப் பாலம், சுரங்கவழி ஆகியவையே அதன் எல்லைக்குள் இருந்தன. நிரந்தரப் பாலம் அதில் இல்லை. சாலை இல்லவே இல்லை. 1977இல் வந்த திருத்தம், 25 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவாகி 1976 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட நிரந்தரப் பாலங்களைச் சேர்த்தது. 1990களின் திருத்தங்கள் நெடுஞ்சாலைப் பகுதிகளையே சேர்த்து, தனியாரோடு ஒப்பந்தம் போடவும் வழிசெய்தன. வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் பாலம், பிறகு சாலை. சுங்கம் திரும்பி வரும்போது மக்கள் தப்பிக்க முடியாத இடத்தில்தான் முதலில் கால் ஊன்றியது. இதை யாரோ திட்டமிட்ட சதி என்று சொல்ல வரவில்லை. பாலம் தனிச்செலவு, கணக்கிட எளிது, வசூலிக்க ஒரே இடம் போதும் என்ற நிர்வாக வசதியே காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்த வசதிக்கு அடிப்படை, ஆற்றங்கரையில் வேறு வழி இல்லை என்பதுதான்.

இதே உண்மையைச் சுங்க விதிகளும் மறைமுகமாக ஒப்புக்கொள்கின்றன. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 9ஆவது விதி, சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரின் சொந்த வாகனத்துக்கு மாதச் சலுகைச் சீட்டு தருகிறது. 2007–08ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 150 ரூபாய் என்று தொடங்கிய அந்தச் சீட்டு 2025–26இல் 350 ரூபாய் ஆனது. அந்த விதிக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது: சர்வீஸ் ரோடோ மாற்றுச்சாலையோ இருந்தால் இந்தச் சீட்டு கிடையாது. அதாவது, மாற்றுவழி இருப்பவர் சுங்கம் கட்டலாம், இல்லாதவருக்கு ஈடு தர வேண்டும் என்பதே விதி எழுதியவர்களின் நினைப்பு. இந்தக் கொள்கை சரியானது. அதைச் செயல்படுத்தும் அளவுதான் போதவில்லை. விலக வழியில்லாத ஒருவருக்கு ஈடு என்பது ஆண்டுதோறும் ஏறும் மாதச் சந்தாவாக முடிந்துவிட்டது. சாதாரணக் கட்டணமும் அப்படித்தான்: ஆண்டுக்கு அடிப்படைக் கட்டணத்தில் 3 சதவீதம் நிலையான உயர்வு, அதோடு மொத்த விலைக் குறியீட்டு மாற்றத்தில் 40 சதவீதம். விலைவாசி அசையாமல் நின்றாலும் சுமார் 33 ஆண்டுகளில் கட்டணம் இரட்டிப்பாகும். ஆற்றின் குறுக்கே நிற்கும் பாலத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பாலம், மேம்பாலம் போன்ற கட்டுமானங்களின் நீளத்தைப் பத்தால் பெருக்கிச் சாலை நீளத்தோடு சேர்த்துக் கட்டணம் போடுவது வழக்கமாக இருந்தது. 2025 ஜூலையில் வந்த திருத்தம், கட்டுமான நீளத்தின் பத்து மடங்கோடு மீதிச் சாலை நீளம், மொத்தப் பகுதியின் ஐந்து மடங்கு என்ற இரண்டில் எது குறைவோ அதை எடுக்கச் சொன்னது. முழுவதும் கட்டுமானமாக உள்ள பகுதிகளில் கட்டணம் பாதியாகும் என்று அமைச்சகமே எடுத்துக்காட்டியது. இத்தனை ஆண்டுகள் பாலம் கடந்தவர் எவ்வளவு கூடுதலாகத் தாங்கினார் என்பதை அந்தத் திருத்தமே சொல்லிவிடுகிறது.

கடலூர் மாவட்டத்தில் இந்தப் பொதுவரலாறு 2024 டிசம்பரில் நேரடிப் பிரச்சினையாக வந்தது. விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில் சிதம்பரம் அருகே கொத்தட்டை சுங்கச்சாவடி திறக்கப்பட்டபோது, தனியார் பேருந்து உரிமையாளர்களும் சுற்றுவட்டார மக்களும் எதிர்த்தனர். பேருந்துக்காரர் லாபம் குறைகிறது என்பதற்காகவே கத்துகிறார் என்று சிலர் நினைக்கக்கூடும். கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் நகரங்களுக்கு இடையேயான பேருந்துக் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. அது கடைசியாகத் திருத்தப்பட்டது 2018 ஜனவரியில். எனவே சுங்கத்தைப் பயணியின் டிக்கெட்டில் ஏற்ற முடியாது. மாவட்டத்திலேயே பதிவான வணிக வாகனத்துக்குப் பாதிக் கட்டணம் என்ற சலுகை உண்டு; அதற்கும் மாற்றுச்சாலை நிபந்தனை உண்டு. மாதச்சீட்டு 50 தடவைக்குத்தான் செல்லும். ஒரு நாளில் மூன்று முறை போய்வரும் பேருந்து ஆறு தடவை சாவடியைத் தாண்டுகிறது. ஒன்பதாம் நாளில் அந்தச் சீட்டு தீர்ந்துவிடும். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் போகும் கார் மாதத்தில் ஒரு தடவை தாண்டுகிறது. சாலையின் முழுப் பயனை அடைபவர் அந்தக் கார்க்காரர். சாவடியை அதிகம் தாண்டுபவர் உள்ளூர்ப் பேருந்துக்காரர். சுங்கம் பயனை அளக்கவில்லை, தடவைகளை எண்ணுகிறது. மதுரை மாவட்டம் திருமங்கலத்தை ஒட்டிய கப்பலூர் சாவடியில் பத்தாண்டுக்கும் மேலாகத் தொடரும் சச்சரவும் இதுவேதான். பக்கத்து ஊருக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவர் நெடுந்தூரப் பயணியாகக் கணக்கிடப்படுகிறார்.

உலக வரலாறும் இந்த வாசிப்புக்கு இடம் தருகிறது. ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுக்கு 1995 அக்டோபரில் சுங்கப் பாலம் திறக்கப்பட்ட அன்றே அதே கடவில் ஓடிய படகுச்சேவை நின்றது. தீவுக்காரருக்கு இருந்த முக்கிய மாற்றும் போனது. பாலத்தை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. காசு கட்ட மறுத்து நீதிமன்றம் ஏறினார்கள். 2004 டிசம்பரில் அரசு பாலத்தை விலைக்கு வாங்கிச் சுங்கத்தை எடுத்தது. பாஸ்டனில் இதற்கு நேர்மாறு நடந்தது. 1786இல் திறந்த சார்லஸ் ஆற்றுச் சுங்கப் பாலம் தன் உரிமையைக் காலநீட்டிப்புச் செய்துகொண்டபோது, அதன் பக்கத்திலேயே, குறித்த காலத்துக்குப் பின் இலவசமாகிவிடும் வாரன் பாலத்துக்கு 1828இல் மாநிலம் அனுமதி தந்தது. பழைய நிறுவனம் வழக்குப் போட்டு 1837இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. அங்கே மக்கள் புதிய பாலத்தை வரவேற்றார்கள், காரணம் அது விலகும் வழியைத் திறந்தது. ஸ்கையில் எதிர்த்தார்கள், காரணம் அது அந்த வழியை அடைத்தது. புதிய பாலத்துக்கு எதிர்ப்பு என்று செய்தித்தாளில் வரும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டியது, பழைய வழி என்ன ஆகிறது என்பதை.

இந்த வாதத்துக்கு எதிராக டெல்லி–நொய்டா சுங்கப் பாலத்தைக் காட்டலாம். 2001இல் யமுனை மேல் திறந்த அந்த வழிக்கு அருகில் நிஜாமுதீன் பாலம் இருந்தது. வேறு கடவுகளும் இருந்தன. இருந்தும் நொய்டா குடியிருப்போர் நலச்சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் பொதுநல வழக்குப் போட்டது. மாற்றுவழி இருந்தும் எதிர்ப்பு எழுந்ததே என்று கேட்பது நியாயம். விடை ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கிறது. முதலீட்டுக்கு ஆண்டுக்கு 20 சதவீத வருமானம் உறுதி செய்யப்பட்டிருந்தது. அதில் குறைந்தது திட்டச்செலவோடு சேர்ந்துகொள்ளும். சுமார் 408 கோடியில் முடிந்த பாலத்தின் மீட்க வேண்டிய தொகை, வண்டிகள் ஓட ஓட ஏறிக்கொண்டே போனது. இடத்தில் வழி இருந்தது, காலத்தில் இல்லை. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2016 அக்டோபர் 26 அன்று வசூலை நிறுத்தியது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை உறுதி செய்தது. பாலச் சுங்கம் செலவை ஈடுசெய்வதற்காக இருக்க வேண்டும் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தேவி தயாள் சிங் வழக்கில் சொல்லியிருந்தது. இந்தத் தீர்ப்புகளுக்கு நடுவே 2023இல் நடந்த விதித்திருத்தம் கவலை தருகிறது. மூலதனம் மீண்ட பிறகு கட்டணம் 40 சதவீதமாகக் குறையும் என்றிருந்த ஏற்பாட்டை அது நீக்கியது. முடிவுநாள் என்ற கருத்தையே விதிப்புத்தகத்திலிருந்து அகற்றிய செயல் அது.

சுங்கம் இல்லையென்றால் பாலம் கட்டப் பணம் எங்கே என்ற கேள்விக்கு வருவோம். தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறை வரிப்பணத்திலும் கடனிலும் கட்டிய எண்ணற்ற ஆற்றுப் பாலங்களில் எந்தச் சாவடியும் இல்லை. இன்னும் பழையது வேண்டுமானால், 1726இல் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் தன் செலவில் மர்மலாங் பாலம் கட்டியபோது, அதன் பராமரிப்புக்கென்றே தனியாக ஒரு தொகையையும் ஒதுக்கினார். பயன்படுத்துகிறவரே செலவைத் தாங்க வேண்டும் என்ற வாதம் நேர்மையானதுதான். ஆனால் வாகன வரி, எரிபொருள் செஸ் என்று பயன்படுத்துகிறவர் ஏற்கெனவே இரண்டு இடத்தில் தாங்குகிறார். மூன்றாவதாகவும் தாங்கச் சொன்னால், அந்தக் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும். தென்மாநிலங்களின் சுங்கச்சாவடிகளை ஆய்ந்த இந்தியத் தணிக்கைத் தலைவரின் 2023 அறிக்கை, ஐந்து சாவடிகளில் மட்டும் 132.05 கோடி ரூபாய் சாலைப் பயனாளர் மீது விதிக்குப் புறம்பாகச் சுமத்தப்பட்டதைச் சுட்டியது. அவற்றில் ஒன்று செங்கல்பட்டு அருகே உள்ள பரனூர். செயற்கைக்கோள் வழிச் சுங்கம் வந்தால் சிக்கல் தீரும் என்பாரும் உண்டு. 2024 செப்டம்பர் விதித்திருத்தம் அந்த முறையில் நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் 20 கிலோமீட்டர் வரையிலான பயணத்துக்குக் கட்டணமில்லை என்கிறது. உள்ளூர்ப் பயணத்துக்குச் சுங்கம் பொருந்தாது என்பதை அரசே ஏற்றுக்கொண்டதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. கருவி வரும்வரை அந்தக் கொள்கையை ஏன் நிறுத்தி வைக்க வேண்டும் என்பதற்கு விடை சொல்லப்படவில்லை.

ஆகவே எதிர்ப்பாளர்கள் கேட்க வேண்டியது வெறும் கட்டணக் குறைப்பு அல்ல. வெள்ளாற்றிலோ கொள்ளிடத்திலோ புதிய பாலம் வரும்போது பழைய பாலம் பழுதுபார்க்கப்பட்டு உள்ளூர் வண்டிகளுக்குத் திறந்திருக்க வேண்டும். அது முடியாத இடத்தில் 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் ஓடும் பேருந்துக்கும் சரக்கு வண்டிக்கும் தடவைக் கணக்கில்லாத விலக்கு வேண்டும். மூலதனம் எவ்வளவு மீண்டது என்பது ஆண்டுதோறும் சாவடியிலேயே எழுதி வைக்கப்பட வேண்டும். இவற்றில் கடைசி இரண்டுக்கும் விதித்திருத்தம் தேவைப்படும். ஆனால் மாற்றுவழியே இல்லாத பாலத்தைச் சுங்கத்திலிருந்து விலக்க எதையும் திருத்த வேண்டியதில்லை. பொதுநலன் கருதி எந்தப் பாலத்தையும் கட்டணத்திலிருந்து விலக்கலாம் என்ற அதிகாரத்தை 7ஆம் பிரிவே மத்திய அரசுக்குத் தந்திருக்கிறது. அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும்.